வெட்டும் பக்கம்

பெட்டிக்கு எட்டுக் கம்பி.
ஆறு பெட்டி.
நாற்பத்தெட்டையும் டெஸ்டர் நுனியால் அழுத்தி
ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போனார்
சவரிராயலு.

குறை சொல்ல மாட்டேன்.
அவர் இழுத்த எந்த விளக்கும் இந்த வீட்டில்
புயலில்கூடக் கண் சிமிட்டியதில்லை.
அவருக்குக் கம்பி என்றால்
உரித்து, சுற்றி, திருகி இறுக்குவது.
இது வேறு ரகம்.
இரண்டு தகட்டுப் பல்லுக்கு நடுவே
தோலோடு போய்ச் சிக்கி
அங்கேதான் தோல் கிழிந்து
செம்பைக் காட்டும்.
டெஸ்டர் பட்டால் பல் விரியும்.
விரிந்த பல்
பிடித்த மாதிரி இருக்கும்,
பிடித்திருக்காது.

சோலை நகரில் எங்கள் வீட்டுக்குக் கடல்
இரண்டு தெரு தள்ளி.
உப்புக்கு அது ஒரு தூரமா?
ஐப்பசி பிறந்ததும் மாடி அறையில்
என் சம்பளப் பட்டியல் பாதியில் நின்றது.
சென்னையில் நூற்றுப் பன்னிரண்டு பேர்
முப்பதாம் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க
சோதனைப் பெட்டியில் விளக்குகள்
ஒன்று, இரண்டு,
நான்கு.

நேரு வீதிக் கடைக்காரர்
கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்.
மஞ்சள் பிளாஸ்டிக், முப்பது ரூபாய்.
"அவசரத்துக்கு ஆகும். ஆறு பெட்டி தாங்காது."
குறடு மாதிரி ஒன்று.
"இது வயர் முனையில பிளக் மாட்ட. சுவருக்கு இல்ல."
மூன்றாவது, கைப்பிடிக்குள் சுருள்வில் வைத்தது,
தொள்ளாயிரத்து எண்பது.
"இதுக்கு அலகு ரெண்டு விதம் இருக்கு.
உங்க சாக்கெட் எதுன்னு பார்த்தீங்களா?"

சாக்கெட்டின் முதுகை
யார் பார்த்தது.
வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.
கிளமென்ட் டார்ச் அடித்துப் படம் அனுப்பினான்.
பிளாஸ்டிக்கில் மச்சம் அளவுக்கு
நூற்றுப்பத்து என்று ஓர் எண்.
பேரம் பேசினேன்.
இருபது ரூபாய் குறைத்தார்.

சுவரிலிருந்து வெளியே வந்த மிச்சம்
ஐந்து விரற்கடை.
வெள்ளைப்பச்சையைப் பள்ளத்தில் உட்காரவைத்து
அழுத்தினேன்.
டக்.
நல்ல சத்தம். தப்பான பக்கம்.
அலகின் ஓர் ஓரம் மொக்கை, ஓர் ஓரம் கத்தி.
கத்தி வெளியே பார்க்க வேண்டும்.
உள்ளே பார்த்திருந்தது.
போக வேண்டிய துண்டு பல்லில் நிற்க
இருக்க வேண்டிய கம்பி
பல்லி வாலைப் போலத் துடிக்கக்கூட இல்லை,
சும்மா சுவர்ப்பக்கம் சாய்ந்தது.

ஐந்து விரற்கடை நாலாயிற்று.
இன்னும் இரண்டு முறை தவறலாம்.
அதற்குமேல் சுவரை உடைக்க வேண்டும்,
பெயின்ட் அடித்து நாற்பது நாள் ஆகாத சுவர்.

கைப்பிடியின் பக்கவாட்டில்
ஆங்கிலத்தில் பொறித்திருந்த சொல்லை
அப்போதுதான் படித்தேன்.
மார்க்கர் எடுத்து அதன்மேலேயே
பெரிசாக 'வெ' என்று எழுதினேன்.

பிறகு அவசரப்படவில்லை.
ஜோடியின் முறுக்கைப் பள்ளம் வரைக்கும் பிரிக்காமல்
கடைசியில் மட்டும் விலக்கி
ஒவ்வொன்றாக.
உபரி நுனிகள் தெறித்து
ஆரஞ்சு ஒன்று என் தேநீரில் விழுந்தது.
ஒன்று, இரண்டு,
மூன்று எரிந்ததும் நான் சிரித்தது
கீழே கிளமென்ட்டுக்குக் கேட்டதாம்.

ஐந்து பெட்டி முடித்தேன்.
சமையலறையை மட்டும் தொடவில்லை.
அதில் இதுவரை யாரும் எதையும் செருகியதில்லை.
எதற்கு இழுத்தோம் என்பதே மறந்துவிட்டது.

போன வாரம் மின்விசிறி பார்க்க வந்த சவரிராயலு
ஏணியில் ஏறுமுன்
மேசையிலிருந்த அதைக் கையில் எடுத்தார்.
எடை பார்த்தார்.
மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். டக்.
விலை கேட்டார், சொன்னேன்.
"வேலைக்கு ஒரு சாமான்னா
என் பைக்குத் தனியா ஆட்டோ வைக்கணும், மதலேன்"
என்றவர்
கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த 'வெ'ன்னா என்ன,
வெட்டா, வெளியேவா?"

நான் அப்படி யோசித்திருக்கவில்லை.
ரெண்டும்தான் என்றேன்.